தூங்குற கோழிக்கு முதலில் தண்ணி, பிறகுதான் தீன்

"கோழி தூங்குது" என்று எங்கள் பக்கம் ஒருவர் சொன்னால், அது நித்திரை இல்லையென்று கேட்கிறவருக்குத் தெரியும். இறகைச் சிலிர்த்து, கழுத்தை உள்ளே இழுத்து, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு வேலியோரம் ஒதுங்கி நிற்கும். காலையில் கூடு திறந்து குருணல் எறிந்தால் மற்றதெல்லாம் ஓடி வரும், இது வராது. அடுத்து நடப்பதும் அநேகமான வளவுகளில் ஒன்றுதான். யாராவது பிடித்து, வாயைத் திறந்து, சோற்றை உருட்டித் தள்ளுவார்கள். இல்லாவிட்டால் சின்ன வெங்காயமும் மிளகும் மஞ்சளும் அரைத்த உருண்டை. விடியக் கோழி விறைத்துக் கிடக்கும். "வருத்தம் முத்திப்போச்சு" என்று கதை முடியும்.

பல நேரம் கொன்றது அந்த உருண்டைதான். கோழிக்குப் பல் இல்லை. விழுங்கியது முதலில் தீன்பையில் தங்கி ஊறிப் பிறகே கீழே இறங்கும். ஊரில் இரைப்பை என்றும் சொல்வார்கள், கழுத்தடியில் வலப்பக்கமாகக் கைக்குத் தட்டுப்படும் பை. உடம்பில் தண்ணீர் வற்றிய கோழிக்கு அந்தப் பை அசைவதில்லை. உள்ளே போன சோறு 41 பாகை உடம்புச் சூட்டில் கிடந்து புளித்துப்போகும். ஆகவே சூடு, தண்ணீர், தீன் என்ற வரிசை மாறக்கூடாது. தண்ணீர் இறங்குகிறது என்று கையால் தடவித் தெரிந்துகொள்ளும்வரை ஒரு பருக்கைகூட வேண்டாம்.

கோழியைத் தூக்கமுன் கூட்டை ஒருமுறை பாருங்கள். ஒன்று மட்டும் தூங்குகிறதா, அல்லது ஒரே நாளில் இரண்டு மூன்று விழுகிறதா? பச்சையாகக் கழிந்து, கழுத்து முறுகி, அடுத்தடுத்துச் சாகிறதென்றால் அது ராணிக்கெத்து என்ற தொற்று நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை, முன்கூட்டியே போடும் தடுப்பூசி மட்டுமே உண்டு. பறவைக் காய்ச்சலும் திடீர்ச் சாவாகவே தொடங்கும். அந்த நிலையில் கோழியை மடியில் வைத்துப் பருக்கிக்கொண்டிருக்க வேண்டாம். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்கு, அதாவது 'மாட்டு டொக்டர்' கந்தோருக்கு, அறிவியுங்கள். அவர் கோழியும் பார்ப்பார். செத்ததை ஆற்றில் எறியாமல் ஆழமாகப் புதைக்க வேண்டும். "சாகமுன் அறுத்தால் கறிக்காவது ஆகும்" என்ற கணக்கும் வேண்டாம்.

இன்னும் இரண்டு நிலையில் வாய்வழியாக எதுவும் கொடுக்கக்கூடாது. வயலுக்கு அடித்த மருந்தையோ எலிப் பாஷாணத்தையோ தின்று வாயால் நீர் வடிந்து உடம்பு இழுக்கும் கோழி ஒன்று. கழுத்துத் துணிபோலத் துவண்டு, தலையைத் தூக்க முடியாமல் கிடக்கும் கோழி மற்றது. மீன் வெட்டிய கழிவையும் செத்த எலியையும் வளவின் மூலையில் எறியும் வீடுகளில், அழுகல் புழுவைத் தின்ற கோழிக்கு இந்தத் துவளல் வரும். அழுகலில் உண்டாகும் நஞ்சு நரம்பைத் தாக்குகிறது. விழுங்கும் தசையே வேலை செய்யாதபோது வாயில் விடும் ஒவ்வொரு சொட்டும் மூச்சுக்குழாய்க்குத்தான் போகும். இவற்றுக்குத் தோலுக்கடியில் சேலைன் ஏற்ற வேண்டும். தொடைக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள மடிப்பில் போடுவார்கள். கோழி உடம்பு முழுக்கக் காற்றுப்பைகள் இருப்பதால் ஊசி இடம் தவறினால் ஆபத்து. ஒரு முறையாவது டொக்டர் கையால் செய்துகாட்டாமல் இதில் இறங்க வேண்டாம்.

மிச்சக் கோழிகளை வீட்டில் பார்க்கலாம்.

தனியாக வைக்க ஒரு காட்போட் பெட்டி போதும். அடியில் பத்திரிகைத் தாள் விரியுங்கள். வைக்கோலும் மரத்தூளும் போட்டால் எச்சம் தெரியாது. வருத்தக் கோழியின் எச்சம் தினமும் வாசிக்க வேண்டிய கடிதம். பெட்டியை நிலத்தில் வைத்தால் இரவில் எறும்பு வரும். சீனித்தண்ணி சிந்திய சொண்டுக்கு எறும்பு முதலில் வரும், ஓடமுடியாத கோழி அப்படியே நிற்கும். ஒரு கதிரைமேல் பெட்டியை வைத்து, கதிரைக் கால் நாலையும் தண்ணீர் ஊற்றிய சிரட்டைகளில் இறக்கிவிடுங்கள். பின்பக்க இறகு எச்சத்தில் தோய்ந்திருந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவித் துவட்டுங்கள். அந்த ஊத்தையில் ஈ முட்டையிட்டால் அடுத்த நாளே புழு நெளியும்.

சூடு பற்றி வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு மத்தியானம் 12 மணிக்கு விளக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வருத்தக் கோழிக்குத் தேவை 28 முதல் 30 பாகை வரையான சூடு. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பகலில் அது சும்மாவே இருக்கிறது. விளக்கு வேண்டியது மாரியில் வாடைக்காற்றோடு மழை அடிக்கும் இராக்களுக்கு. காலைப் பிடித்துப் பாருங்கள், பாதம் குளிர்ந்திருந்தால் சூடு தேவை. ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பிப் பழைய சாரனால் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு கூடினால் கோழி மறுபக்கம் நகர இடம் இருக்க வேண்டும். பல்ப் போடுவதென்றால் பழைய இழை பல்ப். எல்ஈடி வெளிச்சம் தரும், பெட்டியைச் சூடாக்காது.

கச்சான் காற்று வீசும் காலத்தில் கதை நேர்மாறு. வாயைத் திறந்து இளைத்து, செட்டையை உடம்பிலிருந்து விரித்து நிற்கும் கோழி வெக்கையில் வாடுகிறது. அதை நிழலுக்குத் தூக்கி, பாதம் மூழ்கும் அளவு குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர் உள்ள பேசினில் நிறுத்துங்கள். கொண்டையையும் நனைக்கலாம். ஐஸ் கட்டி வேண்டாம். அந்தக் கோழிக்குக் கொடுக்கும் தண்ணீரைச் சூடாக்கவும் தேவையில்லை.

தண்ணீர் எவ்வளவு வற்றியிருக்கிறது என்பதைப் பார்க்க நாலு இடம் உண்டு. வாயைத் திறந்தால் எச்சில் நூல்நூலாக ஒட்டி இழுபடும். கண் உள்ளே போயிருக்கும். கொண்டை சுருங்கி நிறம் கறுத்திருக்கும். நாலாவதுதான் நம்பகமானது. செட்டையை விரித்து உட்பக்கம் முழங்கை மடிப்பில் இறகை ஒதுக்கினால் நீலமாக ஒரு நரம்பு ஓடுவது தெரியும். அதை விரலால் அமத்தி எடுங்கள். நல்ல கோழிக்கு விரல் எடுத்த அந்தக் கணமே இரத்தம் நிரம்பும். நரம்பு தட்டையாகக் கிடந்து, ஒரு விநாடிக்கு மேல் கழித்து மெல்ல நிரம்பினால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு எடையளவு தண்ணீர் போயிருக்கலாம் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

கணக்கு அப்படியொன்றும் கஷ்டமில்லை. ஒன்றரைக் கிலோக் கோழிக்கு, ஒரு நாள் உயிர் ஓட்டத்துக்கு மட்டும் கிலோவுக்கு 50 மில்லிலீற்றர்படி 75 வேண்டும். இழந்த பத்திலொன்று 150 மில்லிலீற்றர். அதை இரண்டு மூன்று நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஒரே நாளில் ஊற்றக்கூடாது. இரண்டையும் கூட்டினால் முதல் இரண்டு நாளும் ஏறக்குறைய 150 மில்லிலீற்றர். தண்ணியாகக் கழிந்துகொண்டே இருந்தால் இன்னும் கொஞ்சம்.

எதைக் கொடுப்பது? பாமசியில் விற்கும் ஜீவனிப் பக்கற், அதாவது கழிச்சலுக்குக் கரைத்துக் குடிக்கும் உப்பு, சீனித் தூள், போதும். பக்கற்றில் சொல்லியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பக்கற்றையும் கரைக்க வேண்டும். பாதிப் பக்கற்றைக் கண்மட்டத்துக்குக் கரைப்பதால்தான் உப்பு ஏறிக் குறைகிறது. கரைத்தது 24 மணித்தியாலத்துக்குமேல் வைக்கக்கூடாது. ஜீவனி கைக்கு எட்டாத இராவில், கொதித்தாறிய 1 லீற்றர் தண்ணீரில் தேக்கரண்டியால் மட்டமாகத் தட்டிய 6 கரண்டி சீனியும் அரைக் கரண்டி உப்பும். உப்பில் கை தாராளம் காட்டினால் கோழிக்கு நஞ்சு. அதனாலேயே கரையோரக் கிணறுகளைப் பற்றி ஒரு சொல்: கோடையில் தண்ணீர் உவர்க்கிற கிணறென்றால் அந்தத் தண்ணீரில் இதைக் கரைக்காதீர்கள், குழாய்த் தண்ணீர் எடுங்கள். கோழி தானாகக் குடிக்கத் தொடங்கினால் உப்புக் கரைசலோடு பக்கத்திலேயே வெறுந்தண்ணீரும் இருக்கட்டும்.

செவ்விளநீர் நல்லதுதானே என்று கேட்பார்கள். குடிக்கட்டும். ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. கழிச்சலில் போன உப்பை அது ஈடுசெய்யாது. பால் கொடுக்கவே கூடாது. பால் சீனியைச் செரிக்கும் நொதியம் பறவைக் குடலில் இல்லை, கழிச்சல் கூடும். தயிர் எங்கள் ஊர்ப் பெருமைதான் என்றாலும் வருத்தக் கோழிக்கு அது மருந்தாகாது.

கரைசல் கையின் உட்பக்கத்தில் விட்டால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்க வேண்டும், 38 முதல் 40 பாகை. குளிர்ந்த தண்ணீர் உள்ளே போனால் அதைச் சூடாக்கக் கோழி தன் பலத்தைச் செலவழிக்கும். சுட்டால் தீன்பை உள்ளே வெந்துபோகும். அந்தப் புண் சில நாள் கழித்தே வெளியே தெரியும்.

முதலில் சொட்டு முறை. 1 மில்லிலீற்றர் சிரிஞ்ச், ஊசி இல்லாமல். கோழியைத் துவாயால் செட்டை இரண்டையும் சேர்த்துச் சுற்றுங்கள், நெஞ்சை இறுக்க வேண்டாம். கோழிக்கு நம்மைப்போல உதரவிதானம் இல்லை, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தே மூச்சை நிறுத்தியவர்கள் உண்டு. வாயைத் திறக்கவே வேண்டாம். மேல் சொண்டும் கீழ்ச் சொண்டும் சேரும் ஓரக்கோட்டில், வெளியிலிருந்து இரண்டு சொட்டு விடுங்கள். அது கோட்டு வழியாக உள்ளே ஊறும். கோழி சொண்டைச் சப்பி, தலையைச் சற்று உயர்த்தி விழுங்கும். விழுங்கிய பிறகே அடுத்த சொட்டு. இப்படி 10 மில்லிலீற்றர் இறக்க கால் மணித்தியாலம் ஆகும். அவசரப்பட்டு வாயைப் பிளந்து நடுவே பீச்சினால் என்ன நடக்கும் என்பதை வாய்க்குள் பார்த்தாலே விளங்கும்.

டோர்ச் அடித்துப் பாருங்கள். நாக்கு பின்னால் முடியும் இடத்தில், சரியாக நடுவில், ஒரு சின்னக் கீறல் திறந்து மூடிக்கொண்டிருக்கும். அதுதான் மூச்சுத்துளை. நமக்கு இருப்பதுபோல் மூடி கிடையாது. நாக்கின் நடுவில் பீச்சிய தண்ணீர் நேரே அதற்குள்தான். உணவுக்குழாய் அதற்குப் பின்னால், கோழியின் வலப்பக்கமாகக் கீழே இறங்குகிறது. தீன்பைக்கு நேரே கொடுக்க டியூப் விடும் வேலை முழுவதும் இந்த ஒரு படத்தை மனதில் வைத்திருப்பதுதான்.

சொட்டு முறையில் ஒரு நாளைக்கு 150 மில்லிலீற்றர் எட்டாது என்றால் டியூப்தான் வழி. தலையைத் தானாக நிமிர்த்தி வைத்திருக்கும் கோழிக்கு மட்டும். பாமசியில் சிறுநீர் எடுக்கப் பயன்படும் மென்மையான பிளாஸ்டிக் டியூப் கேளுங்கள். வளர்ந்த கோழிக்கு 14 அல்லது 16 இலக்கம். இணைப்பு முனையின் நிறம் 14க்குப் பச்சை, 16க்குச் செம்மஞ்சள். சின்ன டியூப் நல்லது என்று நினைக்க வேண்டாம். மெல்லியது மூச்சுத்துளைக்குள் இலகுவாக நுழையும், தடித்தது நுழையாது. சேலைன் வயரை வெட்டிப் பாவிக்கிறவர்களும் உண்டு, வெட்டிய விளிம்பு தொண்டையைக் கீறும். உருண்டை முனையோடு வருவதை வாங்கினால் அந்தக் கவலை இல்லை. 20 அல்லது 50 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். சிரிஞ்சும் டியூப்பும் இறுகப் பொருந்துகிறதா என்று கடையிலேயே பாருங்கள். கழன்றால் டியூப் முழுதாக உள்ளே போய்விடும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

கோழியின் கழுத்தை நீட்டி, சொண்டு நுனியிலிருந்து தீன்பையின் அடிவரை டியூப்பை வெளியில் வைத்து அளந்து, அந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டுங்கள். சிரிஞ்சில் கரைசலை எடுத்து, முனையில் ஒரு சொட்டு எட்டிப்பார்க்கும்வரை தள்ளி, டியூப்பிலுள்ள காற்றை வெளியேற்றுங்கள். டியூப்பைத் தண்ணீரில் நனையுங்கள், எண்ணெய் வேண்டாம். ஒருவர் கோழியை அணைத்துப் பிடிக்க, மற்றவர் இடக்கையால் கன்னம் இரண்டையும் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்துக் கழுத்தை நேராக மேலே நீட்ட வேண்டும். கோழியின் இடப்பக்க வாயோரத்தால் டியூப்பை நுழைத்து, நாக்குக்கு மேலாகக் குறுக்கே கொண்டுபோய், வலப்பக்கத் தொண்டைச் சுவரோடு இறக்குங்கள். தள்ளவே தேவையில்லை, வழுக்கிக்கொண்டு போகும். தடுத்தால் அல்லது கோழி இருமினால் உடனே வெளியே எடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.

பிளாஸ்டர் அடையாளம் சொண்டுக்கு வந்ததும், எதையும் அமத்துமுன், கழுத்தை விரலால் தடவுங்கள். இரண்டு குழாய் கைக்குத் தட்டுப்பட வேண்டும். வளையம் வளையமாக நெருடுவது மூச்சுக்குழாய். அதற்குப் பக்கத்தில் வழவழவென்று இன்னொன்று ஓடினால் அது உங்கள் டியூப். தீன்பைக்குள் அதன் நுனியும் தட்டுப்படும். இரண்டாவது குழாய் தட்டுப்படவில்லையென்றால் டியூப் மூச்சுக்குழாய்க்குள் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருக்கும்போது அமத்துகிறவர் கோழி வளர்க்கக்கூடாது.

முதல் தடவை 15 மில்லிலீற்றர் மட்டும், அரை நிமிசம் எடுத்து மெதுவாக. கண் கோழியின் தொண்டையில் இருக்கட்டும். திரவம் வாய்க்குள் ஏறி வந்தால் சிரிஞ்சை நிறுத்தி, டியூப்பை உருவி, கோழியைக் கையிலிருந்து விட்டுவிடுங்கள். அது தானே தலையைக் குனிந்து உதறித் துப்பும். தலைகீழாகப் பிடித்து உதறுவது வழக்கமாக இருக்கிறது, தீன்பையில் இருப்பது முழுவதும் மூச்சுத்துளையைத் தாண்டி வருவதற்கு அதுவே நேர்வழி. எல்லாம் நல்லபடி இறங்கினால், டியூப்பை விரலால் மடக்கிப் பிடித்து அடைத்துக்கொண்டு வெளியே எடுங்கள். மடக்காமல் எடுத்தால் டியூப்பில் மிஞ்சிய சொட்டு, போகிற வழியில் மூச்சுத்துளைமேல் விழும். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு இந்தக் கடைசிச் சொட்டில் கோட்டை விடுகிறவர்களே அதிகம்.

ஒரு மணித்தியாலம் கழித்து 20, பிறகு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை 25, 30, 30, 30. விடியக்காலை தொடங்கினால் இரவு எட்டு ஒன்பது மணிக்குள் 150 ஆகிவிடும். இரவில் எழுப்ப வேண்டாம். கொடுத்த பிறகு வாயைத் திறந்து இளைத்தல், மூக்குத்துளையில் நுரை, கொண்டை ஊதா நிறமாதல், மூச்சில் களகளவென்ற சத்தம் ஆகியவை தென்பட்டால் தண்ணீர் நுரையீரலுக்குப் போயிருக்கிறது. அன்றைக்கு வாய்வழி எல்லாம் நிறுத்தம், டொக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

இனித் தீன்பை. கோழி இரவில் தின்னாது, ஆகவே விடிய எழும்பும்போது பை வெறுமையாக இருக்க வேண்டும். விடியத் தடவிப் பார்த்து மூன்றில் ஒன்றாக வகைப்படுத்தலாம். தட்டையாக, தோல் மட்டும் கைக்கு வந்தால் நல்லது, தீனுக்குப் போகலாம். பிசைந்த மாக்கட்டிபோலக் கெட்டியாக இருந்தால் அடைபட்டிருக்கிறது. நீண்ட புல், நைலோன் கயிற்றுத் துண்டு, சொப்பின் பை என்று உள்ளே என்னவும் இருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீர் 10 மில்லிலீற்றர் கொடுத்து, கால் மணித்தியாலம் கழித்து, கீழிருந்து மேலாக இல்லாமல் வட்டமாக, ஐந்து நிமிசம் மெல்லப் பிசையுங்கள். ஒரு நாளில் நாலுதரம். தேங்காய் எண்ணெயை வாயில் ஊற்றுவது வேண்டாம். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குப் போனால் ஒருவேளை பிழைக்கும், எண்ணெய் போனால் பிழைப்பது அரிது. பாண் துண்டில் சில சொட்டு ஊறவைத்து, அது தானே கொத்தினால் சரி. இரண்டு நாளில் இளகாவிட்டால் டொக்டர் பையை வெட்டி எடுத்துத் தைப்பார்.

மூன்றாவது, தண்ணீர் நிரம்பிய பலூன்போலத் தளும்பி, வாயருகே முகர்ந்தால் புளித்த மாவாடை வருவது. அது பூஞ்சணம். அதற்கு நிஸ்டட்டின் போன்ற மருந்து டொக்டர் தர வேண்டும். அந்தப் பைமேல் தீன் கொடுப்பது புளித்த மாவில் இன்னும் மா கொட்டுவதுபோல. சீனிக் கரைசலையும் குறைக்க வேண்டும்.

பை வெறுமையான கோழிக்குத் தீன். லேயர் தீனில் முட்டை ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்து நூற்றுக்கு மூன்றரை நாலு வீதம் இருக்கிறது. முட்டையிடாமல் படுத்திருக்கும் கோழியின் சிறுநீரகத்துக்கு அது வீண் பாரம். குஞ்சுக்குப் போடும் ஸ்டார்ட்டர் தீன்தான் சரி, புரதமும் கூட. மிக்சியில் தூளாக அரைத்து, தேயிலை வடியால் அரித்து எடுங்கள். அரிக்காத தீனில் ஒரு சோளன் துணுக்கு போதும், டியூப் அடைத்துவிடும். அடைத்த டியூப்பைப் பலத்தால் அமத்தினால் சிரிஞ்ச் கழன்று தீன் முகமெல்லாம் தெறிக்கும், கோழி மிரளும், அன்றைய வேலை கெட்டது.

ஒன்றரைக் கிலோக் கோழி உடம்பு தேய்ந்துபோகாமல் இருக்க ஒரு நாளைக்கு ஏறக்குறைய 160 கிலோகலோரி வேண்டும். அது 55 முதல் 60 கிராம் உலர் தீன். ஒரு பங்கு தூளுக்கு மூன்று பங்கு எடை தண்ணீர் விட்டால் 220 மில்லிலீற்றர் அளவு கூழ் வரும், 45 மில்லிலீற்றர்படி ஐந்து வேளை. அதற்குள்ளேயே தேவையான தண்ணீரும் அடங்கிவிடும். ஆனால் முதல் நாளே இதைத் தொடக்கூடாது. மூன்று நாலு நாள் பட்டினி கிடந்த உடம்பில் ஒரேயடியாகத் தீன் இறங்கினால் இரத்தத்தின் உப்புச் சமநிலை குலைந்து, தேறி வருவதுபோலத் தெரிந்த கோழி சடாரென்று விழும். முதல் நாள் ஒன்றுக்கு ஐந்து தண்ணீர் விட்ட கூழ், 20 மில்லிலீற்றர், நாலு வேளை. அடுத்த நாள் ஒன்றுக்கு நாலு, 30. மூன்றாம் நாளிலிருந்து முழு அளவு. தீன் தூள் தண்ணீரை உறிஞ்சித் தடிக்கும், கரைத்துப் பத்து நிமிசம் வைத்துவிட்டுத் திரும்பத் தண்ணீர் சரிபார்த்து எடுங்கள். ஒவ்வொரு வேளைக்கு முன்னும் பையைத் தடவ வேண்டும். பழையது கிடந்தால் அந்த வேளை தண்ணீர் மட்டும்.

ஸ்டார்ட்டர் கிடைக்காத நாளில் அவித்த முட்டை மஞ்சள் கரு ஒன்றைத் தண்ணீரில் கரைத்து அரித்துக் கொடுக்கலாம், 55 கிலோகலோரி அளவு இருக்கிறது. பச்சை முட்டை வேண்டாம். அரிசிக் கஞ்சி பையை நிரப்பும், புரதம் சொற்பம், ஒரு நாள் சமாளிக்க மட்டும் ஆகும். திரிபோஷ நல்ல சத்துதான், அதில் பால்மா இருக்கிறது. தவிரவும் அது கர்ப்பிணித் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுப்பது, கோழிக்கூட்டுக்கு வரக்கூடாது.

மிஞ்சிய கூழை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள், எங்கள் வெக்கையில் இரண்டு மணித்தியாலத்தில் புளிக்கும். டியூப்பும் சிரிஞ்சும் பாவித்த கையோடு சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நிழலில் தொங்கவிட்டு உலர்த்துங்கள். சமையல் கோப்பைகளோடு சேர்க்க வேண்டாம், கோழிக் குடலில் சல்மொனெல்லா இருக்கும்.

எச்சத்துக்கு வருவோம். பட்டினிக் கோழி கடும் பச்சையாக, சளிபோல, கொஞ்சமாக இடும். அது பித்தம், குடல் வெறுமை என்பதன் அடையாளம். கூழ் இறங்கத் தொடங்கி ஒரு நாளில் மண்ணிறமாகி, மேலே வெள்ளைத் தொப்பி வைத்ததுபோல வந்தால் குடல் வேலை செய்கிறது. பத்தில் ஒருமுறை வரும் தேன்பாகுபோன்ற நாறும் எச்சத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், அது இயல்பு. இரத்தம் கண்டால் இரத்தக் கழிச்சல், பெரும்பாலும் இளங்கோழிக்கு வரும். அதற்கு மருந்து அம்ப்ரோலியம். 20 வீதப் பொடி என்றால் குடிக்கும் தண்ணீர் லீற்றருக்கு 1.2 கிராம், ஐந்து நாள். அந்த நாட்களில் பி விற்றமின் கொடுத்தால் மருந்து வேலை செய்யாது. அன்ரிபயோட்டிக் எது, எத்தனை நாள் என்பதை டொக்டர் சொல்ல வேண்டும். வீட்டில் மிஞ்சிய மனிசர் குளிசையை உடைத்துக் கரைப்பதை விடுங்கள். மருந்து கொடுக்கும் காலத்து முட்டையைத் தின்னலாமா, எத்தனை நாள் தள்ள வேண்டும் என்றும் அவரிடமே கேளுங்கள்.

மாரி முடியும் தறுவாயில் நுளம்பு பெருகும்போது கோழி அம்மை வரும். கொண்டையில் மட்டும் கொப்புளம் என்றால் கோழி தானே தின்னும். வாய்க்குள் மஞ்சள் படலமாகப் பிடித்தால் தின்னாது. அந்தப் படலத்தை உரிக்கக்கூடாது, கீழே இரத்தம் கசிந்து மூச்சுத்துளையை அடைக்கும். டியூப் விட்டால் படலத்தில் உரசும். இங்கே மட்டும் சொட்டு முறையே நல்லது, கை வலித்தாலும்.

ஒவ்வொரு நாளும் விடிய, முதல் வேளைக்கு முன், சமையல் தராசில் ஒரு பேசினை வைத்துக் கோழியை நிறுத்து, திகதியோடு எழுதிவையுங்கள். 20, 30 கிராம் ஏறி இறங்குவது எச்சத்தால். மூன்று நாள் தொடர்ந்து இறங்கினால் கூழ் போதவில்லை அல்லது வருத்தம் வேறெங்கோ இருக்கிறது. நெஞ்செலும்பின் இரு பக்கத்தையும் தடவினால் கண்ணை விடக் கைக்கு முதலில் தெரியும். கத்தி முதுகுபோல எலும்பு நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் ஒரு கிழமை வேலை இருக்கிறது.

டியூப்பை நிறுத்தும் நேரம் கோழியே சொல்லும். பெட்டியின் தாளைக் கொத்தத் தொடங்கும், கையைக் கண்டால் சொண்டை நீட்டும். அப்போது விடியல் வேளைக் கூழை இரண்டு மணித்தியாலம் தள்ளிப்போட்டு, ஈரமாகப் பிசைந்த தீனை முன்னால் வையுங்கள். ஒரு சாதுவான பேட்டைப் பக்கத்தில் விட்டால் போட்டிக்காகவாவது கொத்தும். தானாகத் தின்னும் அளவு கூடக்கூட, டியூப் வேளையை ஐந்திலிருந்து மூன்றாக, பிறகு இரவு ஒன்றாகக் குறையுங்கள். தனக்குத் தானே தின்று இரண்டு நாள் எடை இறங்காவிட்டால் டியூப்பை எறிந்துவிடலாம்.

கூட்டில் திரும்பச் சேர்ப்பதில் அவசரம் வேண்டாம். பத்து நாள் காணாத கோழியை மற்றவை அந்நியமாகவே பார்க்கும், கொண்டையில் கொத்தி இரத்தம் காட்டும். கம்பிவலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மூன்று நாலு நாள் பார்த்துக்கொள்ள விட்டு, பிறகு இருட்டியதும் பரணில் மற்றவற்றோடு ஏற்றிவிடுங்கள். முட்டைக்கு இன்னும் சில கிழமை ஆகலாம். முதல் இரண்டு மூன்று முட்டை தோல்முட்டையாக வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. லேயர் தீனுக்குத் திரும்பி, ஒரு சிரட்டையில் சிப்பித்தூள் தனியாக வைத்தால் வேண்டிய அளவை அதுவே எடுத்துக்கொள்ளும்.